சித்திலெப்பையை வன்னியில் நினைத்துப் பார்க்கிறேன்

சென்ற தவணை முடிவில் என் மாணவன் ஒருவனின் வாப்பா பாடசாலைக்கு வந்தார். மகனைச் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே கொழும்பில் ஒரு கடைக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். 1990இல் முல்லைத்தீவிலிருந்து வெறுங்கையோடு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் அகதியாக இருந்து, வியாபாரத்தால் தலைநிமிர்ந்தவர் அவர். நானும் புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலில் படித்தவன்தான். அவரிடம் அறிஞர் சித்திலெப்பையின் கதையைச் சொன்னேன்.

அளுத்கமையிலிருந்து கண்டிக்குக் குடிபெயர்ந்த குடும்பம் அவருடையது. 1838இல் கண்டியில் பிறந்தார். வாப்பாவைப் போலவே சட்டத்தரணியானார். அவர் கண்முன்னே நாடு மாறியது. மலையகமெங்கும் கோப்பித் தோட்டங்கள் பரவின. தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் வந்தனர். 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. பின்னர் இலைநோயால் கோப்பி அழிந்து தேயிலை தலையெடுத்தது. ஒப்பந்தமும் வழக்கும் கணக்கும் ஆங்கிலத்துக்கு மாறின. மதம் போய்விடும் என்ற பயத்தில் நம்மவர்கள் மிஷனரிப் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பவில்லை. கடையை மட்டும் நம்பியிருந்தால் சமூகம் பின்தங்கிவிடும் என்று சித்திலெப்பை கண்டார். மார்க்கமும் ஆங்கிலமும் சேர்ந்து கற்பிக்கும் சொந்தப் பாடசாலைகள் வேண்டும் என்றார்.

1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி அதை எழுதினார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1884இல் கொழும்பில் தொடங்கிய பாடசாலை போதிய ஆதரவின்றி நிலைக்கவில்லை. அவர் ஓயவில்லை. 1883இல் எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷாவும், கட்டட ஒப்பந்தகாரர் வாப்பிச்சி மரைக்காரும் கைகொடுக்க, 1892இல் மருதானையில் மத்ரஸதுஸ் ஸாஹிரா உருவானது. இன்றைய ஸாஹிராக் கல்லூரி அதுதான். கண்டியில் பெண்பிள்ளைகளுக்கும் பாடசாலை திறந்தார். 1898இல் மறைந்தபோது, தாம் நட்டது மரமாவதை அவர் பார்த்திருக்கவில்லை.

ஒராபி பாஷாவும் ஊரிழந்து வந்தவர்தான் என்று அந்த வாப்பாவிடம் சொன்னேன். நம்மைத் தூக்கிவிட்டது வியாபாரம்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று கோப்பியோடு பலரது தொழில் விழுந்தது போல, இன்று கடைத்தெருவும் மாறுகிறது. வங்கிக் கடன், வரிப் பதிவு, இணைய விற்பனை எல்லாவற்றுக்கும் படிப்பு வேண்டும்.

பரீட்சை முடியும்வரை பொறுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். உயர்தரம் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. மீள்குடியேறிய நமது ஊர்களில் வீடுகளும் பள்ளிவாசல்களும் எழுந்துவிட்டன. வகுப்பறையில் பிள்ளைகள் கடைசிவரை இருக்கிறார்களா என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் கணக்கெடுக்கட்டும். அல்லாஹ் அந்த அறிஞரின் பணியை ஏற்றுக்கொள்வானாக.