பண்டார வன்னியனும் காக்கை வன்னியனும்

கிளிநொச்சி மாவட்டத்தின் அக்கராயன் பகுதியில், அக்கராயன் என்ற குறுநில மன்னனின் பெயர் ஒரு குளத்தோடும் ஊரோடும் ஒட்டி வாழ்கின்றது. அவன் எப்படி ஆண்டான், எப்படி மறைந்தான் என்பதை ஊரவர் செவிவழியாகவே அறிவர். வன்னியின் இன்னொரு தலைவனுக்கோ நாளும் மாதமும் குறிக்கப்பட்ட வரலாறு உண்டு. ஆயினும் பண்டார வன்னியன் என்றதும் எமது நினைவுக்கு உடனே வருவது அந்த வரலாறன்று. அவனைக் காட்டிக்கொடுத்ததாகக் கூறப்படும் காக்கை வன்னியனின் பெயரே.

குலசேகரம் வைரமுத்து பண்டார வன்னியன் வாழ்ந்த காலம், வன்னிமைகள் ஒவ்வொன்றாக ஒடுக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம். யாழ்ப்பாணத்தை 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தரால் வன்னியை இலகுவில் அடக்க முடியவில்லை. வன்னியர்கள் திறையைப் பெயரளவில் ஏற்றனர், செலுத்தாமல் காலங்கடத்தினர். 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே ஒல்லாந்தர் படைகொண்டு வன்னியை நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்தனர். 1793இல் வன்னி பற்றி அறிக்கை எழுதிய அவர்களது அதிகாரி நாகெல், இம்மண்ணின் வயல்களையும் வருவாயையும் கணக்கிட்டவர். அவருக்குப் பின்வந்த ஆங்கிலேயருக்கும் அந்தக் கணக்கே வேண்டியிருந்தது.

1803 ஆம் ஆண்டு ஆங்கிலேயருக்கு நல்ல ஆண்டாக அமையவில்லை. கண்டியைப் பிடிக்கச் சென்ற அவர்களது படை ஜூன் மாதத்தில் அங்கு அழிந்தது. கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் ஆதரவைப் பெற்ற பண்டார வன்னியன் வாய்ப்பைத் தவறவிடவில்லை. ஓகஸ்ட் 25ஆம் திகதி முல்லைத்தீவுக் கோட்டை அவன் வசமாயிற்று. அங்கிருந்த கப்டன் வொன் ட்றிபேர்க்கும் படையினரும் கடல்வழியாக யாழ்ப்பாணத்திற்குத் தப்பிச் சென்றனர். வடவன்னி முழுவதும் பரவிய எழுச்சி ஆனையிறவு வரை எட்டியது.

அதன் பின் நடந்ததை நாம் நிதானித்துப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் ஆங்கிலேயப் படைகள் வன்னிக்குள் ஏவப்பட்டன. முல்லைத்தீவில் தோற்றோடிய அதே வொன் ட்றிபேர்க், ஒக்டோபர் 31ஆம் திகதி கற்சிலைமடுவில் பண்டார வன்னியனை எதிர்பாராத வேளையில் தாக்கி முறியடித்தான். இரு மாதங்கள் சில நாள்களில் எல்லாம் முடிந்தது.

காக்கை வன்னியனின் கதையை நாம் பெற்றது வாய்மொழியிலிருந்தும் அரங்கிலிருந்தும் ஆகும். பண்டார வன்னியனின் தங்கையை மணமுடிக்க ஆசைப்பட்டு, மறுக்கப்பட்டதால் வஞ்சம் கொண்டு பகைவருக்கு வழிகாட்டினான் என்பது அக்கதை. முல்லைமணியின் நாடகமும், கலைஞர் மு. கருணாநிதியின் பாயும் புலி பண்டாரக வன்னியன் என்ற நவீனமும் அதனைப் பரப்பின. உள்ளூரவன் ஒருவன் பாதை காட்டியிருக்கக்கூடும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மூன்று படையணிகளை நகர்த்தும் வல்லமை எந்தக் காக்கை வன்னியனிடமும் இருந்ததில்லை.

2021இல் வெளிவந்த யூதாஸ் அண்ட் த பிளாக் மெசையா என்ற திரைப்படம் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் பிரெட் ஹம்ப்டன் 1969 டிசம்பர் 4ஆம் திகதி அதிகாலை சிக்காகோவில், தமது இருப்பிடத்திலேயே பொலிஸாரால் சுட்டுக்கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 21. வீட்டின் அறை அமைப்பை வரைந்து கொடுத்தவர் அவருடனிருந்த வில்லியம் ஓநீல். கார்த் திருட்டில் சிக்கிய அந்த இளைஞரை மிரட்டியும் காசு கொடுத்தும் பயன்படுத்தியது அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுப் பணியகம். தலைப்பில் யூதாஸை நிறுத்திய படம், அவருக்குப் பின்னால் இருந்த அலுவலகத்தையும் மேசையையும் சேர்த்தே காட்டுகின்றது. எமது நாடகங்கள் அந்த மேசையைக் காட்டியதில்லை.

இதை நாம் வலியுறுத்தக் காரணம் உண்டு. காக்கை வன்னியன் என்ற பெயர் வசைச் சொல்லாகிய பின்னர், அதை யார் மீதும் ஒட்டுவது எளிதாயிற்று. துரோகி என்ற ஒற்றைச் சொல்லால் எத்தனையோ தமிழர் வீதிகளில் வீழ்த்தப்பட்டனர். 1990 ஒக்டோபரில், தனி மனிதர் மீதன்றி ஒரு சமூகத்தின் மீதே அந்த ஐயம் சுமத்தப்பட்டது. முல்லைத்தீவு உட்பட வடக்கின் முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். பண்டார வன்னியனின் வன்னி அவர்களுடைய வன்னியும்தான். அவனுக்கு விழா எடுக்கும் மேடைகளில் இதை யாரும் பேசுவதில்லை.

அவனது முடிவு பற்றியும் ஒரு சொல். ஆங்கிலேயர் காலத்தில் கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட கல், அவன் தோற்கடிக்கப்பட்டதை மட்டுமே கூறியது; இறந்தான் என்று கூறவில்லை. ஆயினும் நாம் நீண்டகாலமாக ஒக்டோபர் 31ஐ அவன் வீழ்ந்த நாளாகவே நினைவுகூர்ந்து வந்தோம். வவுனியா மாவட்டச் செயலகத்தின் முன்னே நிற்கும் சிலைக்கு இப்போது ஓகஸ்ட் 25இலும் மாலை விழுகின்றது. அது அவன் கோட்டையை வென்ற நாள்.