குவிந்த வாக்கும் சிதறிய வாக்கும்: அம்பேத்கரின் தேர்தல் வாழ்க்கை

பாபாசாகேப் அம்பேத்கர் மக்களவைக்கு ஒருமுறையும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. செல்வாக்கின்மையே காரணம் என்பார் இன்றும் உளர். வாக்கை எண்ணும் விதியை அவர்கள் பார்ப்பதில்லை.

1932 பூனா ஒப்பந்தத்தோடு தனி வாக்காளர் தொகுதி கைநழுவிற்று. சாதி இந்துக்கள் பெரும்பான்மையாக உள்ள பொதுத் தொகுதியில் தலித் வாக்கு மூழ்கிவிடும் என்றுணர்ந்த அம்பேத்கர், குவிப்பு வாக்கு முறையை வலியுறுத்தினார். பம்பாய் மாகாணம் அதனை ஏற்றது. பல உறுப்பினர் தொகுதியில் வாக்காளர் தம் வாக்குகள் அனைத்தையும் ஒருவருக்கே அளிக்கலாம். 1936இல் அவர் தொடங்கிய சுதந்திரத் தொழிலாளர் கட்சி, ஓராண்டு நிறையுமுன்னரே 15 தனி இடங்களுள் பெரும்பாலானவற்றைக் கைப்பற்றியது.

1946இல் காங்கிரசு அலையில் அவரது பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு பம்பாயில் ஓரிடமும் பெறவில்லை. ஆயினும் அரசமைப்பு அவைக்கு மாகாணச் சட்டமன்றங்கள் ஒற்றை மாற்று வாக்கு முறையில் உறுப்பினர்களை அனுப்பின. அம்முறையில் சிறு குழுவும் தன் பங்கைப் பெறும். சோகேந்திரநாத் மண்டலின் துணையோடு அம்பேத்கர் வங்காளத்திலிருந்து உள்ளே நுழைந்தார்.

அவரே 1949இல் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தை எதிர்த்தார் என்பது நம்மை உறுத்தும் செய்தி. எழுத்தறிவின்மையையும், கட்சிகள் பெருகி அரசு நிலைகுலையும் என்பதையும் காரணமாகக் காட்டினார். அவ்வச்சம் பொய்யன்று. எனினும் அதன் விலையை அவரே செலுத்த நேர்ந்தது.

சட்ட அமைச்சராக அவர் நிறைவேற்றிய 1951ஆம் ஆண்டுச் சட்டம், இரட்டை உறுப்பினர் தொகுதியில் ஒருவருக்கு ஒரு வாக்குக்கு மேல் அளிப்பதைத் தடுத்தது. தலித் வாக்காளரின் இரண்டாம் வாக்கு வேறெவருக்கோ போகவேண்டும். பெரிய கட்சியின் ஆதரவாளரோ இரண்டையும் தம் கட்சிக்கே இடுவர். 1952இல் வடக்குப் பம்பாயில் அம்பேத்கர் பெற்றது 1,23,576. காங்கிரசின் கஜ்ரோல்கர் பெற்றது 1,38,137. 74,333 வாக்குகள் செல்லாதவையாக ஒதுக்கப்பட்டன என்று அவரும் அசோக் மேத்தாவும் தொடுத்த மனு தள்ளுபடியாயிற்று. நாடெங்கும் ஏறத்தாழ 45 விழுக்காடு வாக்கில் காங்கிரசு 489 இடங்களுள் 364ஐ வென்றது. கூட்டமைப்புக்கு இரண்டே கிடைத்தன. முந்திய ஆண்டில்தான் பிரெஞ்சு அறிஞர் துவெர்ழே, அதிக வாக்கு பெற்றவரே வெல்லும் முறை சிறு கட்சிகளை நசுக்கும் என்று எழுதியிருந்தார்.

அதே 1952இல் அம்பேத்கர் மாநிலங்களவைக்குச் சென்றார். அங்கும் ஒற்றை மாற்று வாக்கு முறையே. 1954 பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். 1961இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் நீக்கப்பட்டபோது, அவர் மறைந்து நான்காண்டுகள் கடந்திருந்தன.