குடும்பக் கதைகளின் முன்னோடி வை.மு.கோ.

115 நாவல்கள் எழுதிய வை.மு.கோதைநாயகி அம்மாளை நம் அங்கத்தினர்களில் மூத்தவர்கள் அறிவார்கள். இளைய தலைமுறைக்கு அவர் பெயர்கூடத் தெரியவில்லையே என்ற ஆதங்கத்தில் இதை எழுதுகிறேன்.

1901 டிசம்பர் 1 அன்று சென்னையில் வைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தார். ஐந்தரை வயதில் திருவல்லிக்கேணி வை.மு.பார்த்தசாரதியுடன் விவாகம் நடந்தது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத மருமகளுக்கு மாமியார் தெலுங்கு கற்றுக் கொடுத்தார். கணவர் நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். மாமியாரும் கணவரும் கைதூக்கிவிட்ட பெண் அவர் என்பதை நாம் மறக்கக் கூடாது.

குழந்தைகளுக்குக் கதை சொல்வதில் சமர்த்தரான அவருக்கு அப்போது சரளமாக எழுத வராது. அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதியதே முதல் நாடகமான 'இந்திர மோகனா'. 1925 முதல் 'ஜகன்மோகினி' மாத இதழை நடத்தினார்.

சித்தூர் ஜில்லா புத்தலப்பட்டில் வளர்ந்த எனக்குப் பள்ளியில் தெலுங்குதான். தமிழ் எழுத்தைப் பாட்டி வைத்திருந்த பழைய 'ஜகன்மோகினி' பைண்டு புத்தகங்களில்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். கூடத்திலும் சமையலறையிலும் கேட்ட பேச்சே கதையிலும் வந்ததால் எளிதில் புரிந்தது. அவர் பலமும் அதுதான். குடும்பத்துக்குள் இருந்துகொண்டே குடும்பத்தைப் பார்த்தவர் அவர்.

பால்ய விவாகம், வரதட்சிணை, விதவைகளின் துயரம், குடியின் கேடு ஆகியவற்றைக் கதைகளாக்கினார். இவற்றில் பல நம் அகங்களிலேயே அன்று நடந்தவை. ஐந்தரை வயதில் மணமேடை ஏறியவர் பால்ய விவாகத்தைக் கண்டித்தபோது அதில் அனுபவம் பேசியது. இலக்கியத் தரம் போதாது என்ற விமரிசனம் உண்டு. ஆனால் வெளியே சொல்ல முடியாத துக்கத்தை அச்சில் பார்த்த பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

காந்திஜியைச் சந்தித்தபின் பட்டை விட்டுக் கதர் உடுத்தினார். விடுதலைப் போரில் சிறையும் சென்றார். 1956-ல் ஒரே மகனைப் பறிகொடுத்த துயரம் அவரை முடக்கியது. 1960 பிப்ரவரி 20-ல் ஆசார்யன் திருவடி அடைந்தார். அவருடைய 'தயாநிதி' நாவல் 1966-ல் 'சித்தி' திரைப்படமாக வந்து வெற்றி கண்டது.

நம்மவர் என்று அவரைக் கொண்டாடுவது எளிது. நம் வழக்கங்களை நம் வீட்டுப் பெண்ணாகவே நின்று கேள்வி கேட்டவர் என்பதையும் ஏற்றுக்கொள்வதே அவருக்குச் செய்யும் மரியாதை. அவர் நாவல்கள் கிடைத்தால், வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேளுங்கள்.