ராமானுஜனும் இரண்டு நோய்ப்பெயர்களும்

கணித மேதை சீனிவாச ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். மூன்று வயதுவரை அவர் அதிகம் பேசவில்லை என்கின்றனர் வரலாற்றாசிரியர்கள். வீட்டிலுள்ள பித்தளை, செப்புப் பாத்திரங்களையெல்லாம் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை வரிசையாக அடுக்குவாராம். கேட்ட உணவு கிடைக்காவிட்டால் சேற்றில் புரள்வாராம். கல்லூரியில் கணிதத்தைத் தவிர மற்றவற்றைப் புறக்கணித்து உதவித்தொகையை இழந்தார். 1905-இல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினத்துக்கு ஓடினார். 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1918-இல் லண்டன் சுரங்க ரயில் பாதையில் குதித்து உயிர் பிழைத்தார்.

பாத்திர வரிசையை மட்டும் பார்ப்பவர் இதை ஆஸ்பெர்ஜர் என்பார்; அயர்லாந்து மனநல மருத்துவர் மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் அப்படித்தான் எழுதினார். ஓடிப்போனதையும் தண்டவாளத்தையும் மட்டும் பார்ப்பவர் இருமுனை மனநிலைக் கோளாறு என்பார். ராமானுஜனோ நண்பர்களுடன் சிரித்துப் பேசக்கூடியவர். அவருடைய மனமுறிவின் பின்னணியில் போர்க்கால இங்கிலாந்தின் குளிரும், ஒவ்வாத உணவும், நீண்ட நோயும், வீட்டுக் கடிதம் வராத ஏக்கமும் இருந்தன.

நான் மருத்துவன் அல்லன், பொருளியல் கற்பித்தவன். ஓராண்டுப் புள்ளியை வைத்துப் போக்கைக் கணிக்காதே என்பது எங்கள் துறையின் பாலபாடம். இங்கும் காலவரிசையே பேசும். ஆஸ்பெர்ஜர் (2013 முதல் அமெரிக்க மனநலக் கையேட்டில் இது ஆட்டிசத்தில் அடக்கம்) மழலைப் பருவத்திலிருந்தே தொடர்வது. வழக்கம் குலைந்தாலோ இரைச்சல் மிகுந்தாலோ குழந்தை வெடிக்கும், பின்னர் அடங்கும். இருமுனைக் கோளாறு அலையலையாக வருவது. அதுவரை இருந்த குழந்தை நாள்கணக்கில், வாரக்கணக்கில் வேறொருவராக மாறும். உறக்கம் குறைந்தும் களைக்காது. பிறகு தன்னிலைக்குத் திரும்பும். இரண்டும் ஒரே குழந்தைக்கு இருப்பதும் உண்டு.

பாடியில் எங்கள் குடியிருப்புச் சிறுவன் ஒருவனுக்கு ஓராண்டுக்குள் இரு மருத்துவர்கள் இந்த இரு பெயர்களையும் சூட்டினர். இருமுனை என்றவர் தந்த மாத்திரையால் அவன் ஆறு மாதம் வகுப்பில் தூங்கி வழிந்தான். இது சிறு விஷயமன்று. லித்தியம் போன்ற மருந்துக்கு இரத்தப் பரிசோதனையும், சிறுநீரகம், தைராய்டு குறித்த கண்காணிப்பும் தேவை. மூன்றாவதாகப் பார்த்தவர்தான் அவனது முதல் பிறந்தநாள் காணொளியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். செருப்புகளை அவன் எப்போது அடுக்கத் தொடங்கினான் என்றும் தாயிடம் விசாரித்தார்.

ராமானுஜனின் உடல் நோய்க்கும் இதே கதி நேர்ந்தது. காசநோய் என்றே மருத்துவம் பார்த்தார்கள். அவருக்கு முன்பே வயிற்றுக்கடுப்பு வந்திருந்ததை வைத்து, அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994-இல் ஓர் ஆய்வாளர் வாதிட்டார். அந்நாளிலேயே அதற்கு மருந்து இருந்தது. ராமானுஜன் 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் காலமானார், வயது 32.