மெஸானுக்குப் பெயரளித்த அறிஞர்

நெற்குவியலைக் காண்போர் விளைவை வியப்பர். அதனை அளந்து காட்டும் மரக்காலை நினைப்பவர் சிலரே. நம் தஞ்சை நாட்டுக் களத்து மேட்டிற் காணும் இவ்வுண்மை பௌதிக சாஸ்திரத்திற்கும் பொருந்துமென்பதை ஹோமி ஜஹாங்கீர் பாபாவின் வாழ்க்கை காட்டுகின்றது.

இவர் 1909-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் பம்பாய் நகரில் பார்சி குலத்திற் பிறந்தார். மைந்தர் இயந்திரக் கல்வி பயில வேண்டுமென்பது தந்தையார் விருப்பம். மைந்தர் உள்ளமோ கணிதத்திலும் பௌதிகத்திலும் தோய்ந்து நின்றது. எனினும் தந்தை சொல்லைத் தட்டாது, கேம்பிரிட்ஜில் இயந்திரக் கல்வியில் தேறிய பின்னரே தாம் விழைந்த துறையிற் புகுந்தார். எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளாகிய பாஸிட்ரானும் மோதிச் சிதறும் முறையைக் கணித்து 1936-இல் வெளியிட்டார். அது பாபா சிதறல் என வழங்குகின்றது.

அக்காலத்தே, விண்ணினின்று வரும் கதிர்களில், எலக்ட்ரானினும் கனத்ததும் புரோட்டானினும் இலேசானதுமாகிய துகளொன்று புலப்பட்டது. அதனை மெஸோட்ரான் என்றனர். நடு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் டகர ரகரங்களுக்கு இடமில்லையாதலின் மெஸான் என்பதே தகுமென்று 1939-இல் பாபா எழுதினார். சொல்லின் பகுதியை ஆய்ந்த இவ்விஞ்ஞானியிடம், தமிழ் பயிலும் நமக்குத் தனியன்பு தோன்றுகின்றது.

அவ்வாண்டே விடுமுறைக்குத் தாயகம் வந்தவர், போர் மூண்டமையால் இங்கேயே தங்கினார். காவிரி சூழ்ந்த திருவானைக்காவிற் பிறந்த சர் சி. வி. இராமன் பௌதிகத் துறைக்குத் தலைவராயிருந்த பெங்களூர் விஞ்ஞானக் கழகத்திற் பணியேற்றார். 1945-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1948-இல் அணுசக்திக் கமிஷனின் முதல் தலைவரானார். 1966 ஜனவரி 24-ஆம் நாள், ஆல்ப்ஸ் மலையில் நேர்ந்த விமான விபத்தில் உயிர் நீத்தார்.

நிற்க. இவர் பெயரிட்ட அத்துகள் பின்னர் மியூவான் என்னும் வேறினமெனத் தெளியப்பட்டது. பெயரோ, குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் இணைந்தமைந்த துகளினத்திற்கு உரியதாயிற்று. அவ்வினத்தைச் சேர்ந்த ஜே/சை மெஸானை 1974 நவம்பரில் அமெரிக்காவில் இரு குழுவினர் அறிவித்தனர். சார்ம் என்னும் நான்காம் குவார்க் உண்டென்பதற்கு அது சான்றாயிற்று. குவார்க்குகளை வெறுங் கணக்கென்று கருதியோர் பலரும் மனம் மாறினர். அவ்விரு குழுவினருள் ஸ்டான்போர்டிலிருந்தோர் எலக்ட்ரானையும் பாஸிட்ரானையும் மோதவிட்டே அதனைக் கண்டனர். பாபா சிதறல் எவ்வளவு நிகழுமென்பது கணக்கினால் முன்னரே அறியப்பட்டதாதலின், மோதல்களை அளக்க அதுவே மரக்காலாயிற்று.

அவ்வறுவடையைக் காண பாபா இல்லை. எட்டாண்டுகட்கு முன்னரே மறைந்தார். பிறர் விளைவிற்கு அளவையாய் நிற்கும் உழைப்பும் வீண்போகாதென்பதை, தேர்வும் பரிசுமே கல்வியின் பயனென்று மயங்கும் மாணவராகிய நாம் உளங்கொள்வோமாக.