நாயுடுவின் ஸ்பேனரும் நிற்கிற வண்டியும்

நம் ஆண்டு மலருக்கு ஒரு மேதையின் வாழ்க்கையை எழுதலாம் என்றதும் ஆளாளுக்கு எடிசன், சர் சி.வி. ராமன், அப்துல் கலாம் என்று பெயர் கொடுத்துவிட்டார்கள். நான் ஜி.டி.நாயுடு பெயரைக் கொடுத்தேன். அதற்குக் காரணம் எங்க வீட்டு டிரெய்லர். எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். படிப்பு ஆரம்பப் பள்ளியைத் தாண்டவில்லை. ஊர்ப்பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பையனாக இருந்தபோது பார்த்திருக்கிறார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, ஒரு இரும்பு தானாக ஓடுகிறது! அன்றிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. கோவைக்குப் போய் ஒரு ஹோட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளத்தைச் சேர்த்து வைத்து, அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் ஊரைச் சுற்றவில்லை. முழுக்கப் பிரித்துப் போட்டார். பிறகு ஒவ்வொன்றாக மாட்டினார். நம்மில் எத்தனை பேர் புது பைக்கைப் பிரிப்போம்? வீட்டில் உதைதான் விழும். ஆனால் அவர் மெக்கானிக் ஆனது அப்படித்தான். வாத்தியாரும் இல்லை, லேப் மேனுவலும் இல்லை.

நடுவில் திருப்பூரில் பஞ்சுத் தொழில், பம்பாய் வியாபாரம், பெரிய நஷ்டம். மறுபடி கைப்பிடிச் சுவரிலிருந்து ஆரம்பித்தார். ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை கடன் கொடுத்து உதவ, 1920இல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அதுதான் பிறகு யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ். 1930களில் அந்தக் கம்பெனியிடம் 200க்கும் மேற்பட்ட பஸ்கள் ஓடின. பஸ் தொழிலில் கணக்கு ரொம்ப சுலபம். வண்டி ஓடினால் காசு, நின்றால் செலவு.

இந்த இடத்தில்தான் எங்க டிரெய்லர் வருகிறது. எங்க அப்பா திருவான்மியூர் பீச்சில் பஜ்ஜி, மீன் வறுவல் கடை போடுகிறார். மினி வேனுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கிற ரெண்டு சக்கர டிரெய்லர்தான் கடை. அடுப்பு, மேடை, விளக்கு எல்லாம் அதிலேயே. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதே மாதிரி சின்ன டிரெய்லரில் படுக்கை போட்டுக்கொண்டு ஊர் சுற்றுவார்களாம். பனிக்காலம் வந்தால் மூடி நிறுத்திவிடுவார்களாம். நமக்குப் பனி கிடையாது, வடகிழக்குப் பருவமழை உண்டு. ஐப்பசி பிறந்தால் பீச்சில் கூட்டம் இல்லை. ஆயுத பூஜைக்குக் கழுவிப் பொட்டு வைத்த கையோடு வண்டியை ஒதுக்கினால் பொங்கலுக்குத்தான் வெளியே வரும்.

நிற்கிற வண்டிக்கு ஓய்வு என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. தெருவில் தேங்கிய தண்ணீரில் டிரெய்லர் அச்சு வரை மூழ்கி நின்றது. வடிந்ததும் மேலே துடைத்துவிட்டு அப்படியே விட்டார்கள். பொங்கலுக்கு எடுத்தால் ஒரு சக்கரம் சுற்றவே இல்லை, இன்னொன்று அரைத்துக்கொண்டு சுற்றியது. பேரிங் இரண்டும் போச்சு. டயர் தரையில் பட்ட இடம் தட்டையாகி, பக்கவாட்டில் வெடிப்பு வேறு. சீசன் ஆரம்பத்திலேயே மூன்று வாரம் கடை இல்லை. நான் டிப்ளமோ சேர்ந்த பணம் அம்மாவின் கம்மலை அடகு வைத்துக் கட்டியது.

மெக்கானிக் அண்ணன் கழற்றிப் போட்ட பேரிங்கைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உருளைகள் ஓடுபாதையில் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் மட்டும் வரிசையாகத் துருக் குழி. ஓடுகிற வண்டியில் கிரீஸ் சுற்றிச் சுற்றி எல்லா இடத்திலும் படியும். நிற்கிற வண்டியில் அந்த வேலை நடப்பதில்லை. உள்ளே புகுந்த உப்புத் தண்ணீரும் அங்கேயே இருந்து தின்கிறது.

அடுத்த வருஷம் அப்பாவிடம் கேட்டு நானே ஆயுத பூஜைக்கு மறுநாள் ஹப்பைத் திறந்தேன். பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, புது கிரீஸை உருளைகளுக்கு நடுவே விரலால் அழுத்தி அடைத்தேன். சீல் புதுசு. ஜாக்கி போட்டு அச்சுக்கு அடியில் கட்டை கொடுத்து, டயர் தரையில் படாமல் தூக்கி நிறுத்தினோம். வாரம் ஒரு முறை தம்பி சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுவான். கொக்கிப் பக்கம் கொஞ்சம் உயரம், அப்போதுதான் கூரைத் தண்ணீர் பின்னால் வழியும். பெயின்ட் உரிந்த இடத்தைத் தேய்த்து ரெட் ஆக்சைடு. கேஸ் சிலிண்டர், பேட்டரி இரண்டையும் கழற்றி வெளியே வைத்தாச்சு. தார்ப்பாயை மட்டும் உடம்போடு ஒட்டி இறுக்கக் கூடாது. அடியில் காற்றோட்டம் இல்லாவிட்டால் உள்ளேயே வியர்த்துத் துரு பிடிக்கும். மொத்தச் செலவு ஒரு நல்ல நாள் வியாபாரம்கூட ஆகவில்லை. பொங்கலுக்குக் கட்டையை உருவினதும் தள்ளினால் ஓடியது.

நாயுடுவுக்கு வருகிறேன். பஸ்ஸோடு அவர் நிற்கவில்லை. சின்ன மோட்டாரில் ஓடும் ரேசன்ட் என்ற சவர ரேசரை ஜெர்மனியில் தயாரித்தார். டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து 1937இல் இந்தியாவிலேயே உருவான மின் மோட்டாரைக் கொண்டுவந்தார். 1952இல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார், விலை 2000 ரூபாய்! அரசாங்க லைசென்ஸ் கிடைக்காததால் அது தொடரவில்லை. இதைப் படித்தபோதுதான் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

நமக்கு முக்கியமானது 1945. கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் தொடங்கி, அதன் முதல் பிரின்ஸிபாலாக இருந்தார். பள்ளிக்கூடத்தை ஒழுங்காகப் பார்க்காத மனிதர் பிரின்ஸிபால்! நான்கு வருஷப் படிப்பு மாணவர் நேரத்தை வீணடிக்கிறது, இரண்டு வருஷம் போதும் என்பது அவர் கட்சி. அரசு ஒத்துக்கொள்ளவில்லை, விலகிவிட்டார். அந்த ஹோப் பெயர் இன்றும் அவிநாசி ரோட்டில் ஹோப் காலேஜ் என்று பஸ் ஸ்டாப்பாக இருக்கிறது.

இதில் நான் அவரோடு முழுசாக ஒத்துப்போக மாட்டேன். எங்க வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். எனக்கு அந்த சர்ட்டிபிகேட் வேண்டும். அது இல்லாமல் எந்தக் கம்பெனி கேட்டிலும் உள்ளே விடமாட்டார்கள். நாயுடுவுக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். ஆனால் டிரெய்லருக்கு அடியில் படுத்துக் கற்றுக்கொண்டது எந்த செமஸ்டர் சிலபஸிலும் வரவில்லை என்பதும் உண்மை.

நாயுடு 1974 ஜனவரி 4 அன்று காலமானார். அவர் குடும்பத்தார் 2015இல் கோவை அவிநாசி ரோட்டில் பழைய கார்களுக்கென்றே ஒரு மியூசியம் திறந்திருக்கிறார்கள். அடுத்த இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்குக் கோவையை யூனியன் பரிசீலிக்க வேண்டுகிறேன். போனால், மற்றவர்கள் போட்டோ எடுக்கட்டும். பல வருஷமாக நிற்கிற அந்த வண்டிகளின் டயர் தரையைத் தொடுகிறதா, கட்டை மேல் நிற்கிறதா என்று நான் குனிந்து பார்க்க வேண்டும்.