கட்டடங்களுக்கு உயிர் கொடுத்த கவுடி

ஒரு வீடு வரையச் சொன்னால் என்ன செய்வீர்கள்? முதலில் ஸ்கேலைத் தேடுவீர்கள். நேர்க்கோடாகச் சுவர், சதுரமாக ஜன்னல், முக்கோணமாகக் கூரை. படம் தயார்! ஆனால், ஸ்கேலை ஒதுக்கி வைத்துவிட்டு மரத்தையும், நத்தையையும், எலும்பையும் பார்த்துக் கட்டடம் கட்டிய ஒருவர் இருந்தார். அவர் பெயர் அன்டோனி கவுடி. ஸ்பெயின் நாட்டில் மத்தியதரைக் கடலோரம் இருக்கும் பார்சிலோனா நகரத்தின் முகத்தையே மாற்றியவர் இவர்தான். வாருங்கள், அவருடைய கதையோடு அந்த ஊரையும் ஒரு சுற்று சுற்றி வருவோம்.

கழுதை மேல் போன சிறுவன்

ஸ்பெயினின் வடகிழக்கில் உள்ள கட்டலோனியா பகுதியில், 1852-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் தேதி கவுடி பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா கன்னார். செம்புத் தகட்டை அடித்து அடித்துக் கொப்பரை செய்வது அவர் தொழில். தட்டையான தகடு மெல்ல வளைந்து, குழிந்து, பாத்திரமாக மாறுவதைச் சிறுவன் கவுடி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பான்.

ஓடியாடி விளையாட அவனால் முடியாது. சின்ன வயதிலேயே மூட்டுவலி வந்துவிட்டது. வலி அதிகமான நாட்களில் கழுதையின் மேல் உட்கார்ந்துதான் வெளியே போவான். மற்ற பிள்ளைகள் விளையாடும்போது அவன் மரத்தின் கிளைகளையும், பூச்சிகளையும், பாறைகளையும் உற்றுப் பார்த்தான். இயற்கையில் ஸ்கேல் வைத்துப் போட்டது போன்ற நேர்க்கோட்டைக் காண்பது அரிது என்பது அப்போதே அவன் மனதில் பதிந்தது.

முதல் வேலை தெருவிளக்கு!

1868-இல் படிப்பதற்காகப் பார்சிலோனா வந்தார் கவுடி. வீட்டில் பணவசதி இல்லை. கட்டடக் கலைஞர்களிடம் படம் வரைந்து கொடுத்துச் சம்பாதித்துக்கொண்டே படித்தார். 1876-இல் அவருடைய அண்ணன் இறந்தார். அதே ஆண்டில் அம்மாவும் இறந்துபோனார். அந்தத் துயரத்தையும் தாங்கிக்கொண்டு 1878-இல் பட்டம் பெற்றார்.

பார்சிலோனா நகராட்சி அவருக்குக் கொடுத்த முதல் வேலை என்ன தெரியுமா? தெருவிளக்குக் கம்பங்களை வடிவமைப்பது! சின்ன வேலைதானே என்று அவர் அலட்சியம் காட்டவில்லை. ஆறு கைகள், உச்சியில் சிறகு முளைத்த தலைக்கவசம், அதைச் சுற்றிப் பாம்புகள் என்று அழகாகச் செய்தார். ரெயால் சதுக்கத்தில் 1879-இல் வைத்த அந்த விளக்குகள் இன்றும் அங்கே நிற்கின்றன.

அந்தச் சதுக்கத்துக்குப் பக்கத்தில்தான் ரம்ப்லா என்ற புகழ்பெற்ற நடைவீதி இருக்கிறது. இருபுறமும் மரங்கள், நடுவில் மக்கள் உலாவ அகலமான பாதை. வழியிலேயே போக்கெரியா சந்தை. மீன், பழம், ஆலிவ் காய் என்று கண்ணைப் பறிக்கும். அந்த ஊர்க்காரர்கள் ரொட்டியின் மேல் தக்காளியைத் தேய்த்து, ஆலிவ் எண்ணெயும் உப்பும் விட்டுச் சாப்பிடுவார்கள். இரவுச் சாப்பாடே 9 மணிக்கு மேல்தான். அதனால் ரெயால் சதுக்கம் நள்ளிரவு வரை பாட்டும் பேச்சுமாகக் கலகலப்பாக இருக்கும். கவுடியோ காய்கறியும் பழமுமாக எளிய உணவு உண்டவர். அவர் வடித்த விளக்குகள்தான் அந்த இரவுக் கூட்டத்துக்கு வெளிச்சம் தருகின்றன!

உடைந்த ஓட்டில் ஓவியம்

கவுடி செய்த ஒரு கண்ணாடி அலமாரி 1878-இல் பாரீஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதைப் பார்த்து அசந்துபோனார் குவெல் என்ற தொழிலதிபர். இருவரும் வாழ்நாள் நண்பர்கள் ஆனார்கள்.

குன்றின் மேல் 60 மனைகள் கொண்ட குடியிருப்பு ஒன்றை அமைக்க குவெல் ஆசைப்பட்டார். 1900-இல் வேலை தொடங்கியது. ஆனால், ஊரிலிருந்து தூரம் என்று யாரும் மனை வாங்க வரவில்லை. இரண்டே வீடுகள்தான் எழும்பின. திட்டம் தோல்வி! இருந்தாலும் கவுடி அங்கே செய்து வைத்த அழகு வீணாகவில்லை. 1926-இல் அது எல்லோருக்குமான பூங்காவாகத் திறக்கப்பட்டது. அதுதான் குவெல் பூங்கா.

அங்கே பாம்பு போல வளைந்து வளைந்து போகும் நீண்ட பெஞ்ச் ஒன்று உண்டு. அதன் மேல் பதித்திருப்பதெல்லாம் உடைந்த ஓடுகளின் துண்டுகள். வேண்டாம் என்று எறிந்த துண்டுகளைச் சேர்த்து, கவுடியும் அவருடைய உதவியாளர் ஜுஜோலும் வண்ண ஓவியமாக்கிவிட்டார்கள். பெஞ்ச் இருக்கும் மைதானத்தில் விழும் மழைநீர் என்ன ஆகும்? கீழே அதைத் தாங்கி நிற்கும் தூண்களுக்குள் இருக்கும் குழாய் வழியாக இறங்கி, நிலத்தடித் தொட்டியில் சேரும். மழைநீர் சேகரிப்பை நூறு வருடங்களுக்கு முன்பே செய்துவிட்டார் பாருங்கள்!

எலும்பு வீடு, கல்குவாரி வீடு

1904 முதல் 1906 வரை ஒரு பழைய வீட்டை கவுடி புதுப்பித்தார். அதன் பெயர் காசா பாட்லோ. ஜன்னல் தூண்கள் எலும்பு மாதிரி இருக்கும். கூரையோ செதில் நிறைந்த டிராகனின் முதுகு! உள்ளே இருக்கும் வெளிச்ச முற்றத்தில் நீல ஓடுகள் பதித்திருக்கிறார். வெயில் அதிகமாக விழும் மேல் பகுதியில் அடர் நீலம். கீழே வர வர வெளிர் நீலம். ஜன்னல்களும் மேலே சிறியவை, கீழே பெரியவை. இதனால் கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்கும் வெளிச்சம் குறையாமல் கிடைத்தது.

அடுத்து, 1906-இல் காசா மிலா. கடல் அலை போல நெளியும் கல் முகப்பு. இதைப் பார்த்து ஊரே சிரித்தது. பத்திரிகைகள் கார்ட்டூன் போட்டுக் கேலி செய்தன. கல்குவாரி என்று பட்டப்பெயரும் வைத்துவிட்டார்கள். கவுடி வடிவத்தை மாற்றவில்லை. 1984-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கல்குவாரி என்ற அந்தக் கேலிப் பெயரே இன்று செல்லப் பெயராகிவிட்டது!

தலைகீழ்ப் பாடம்

இப்போது ஒரு சோதனை செய்யலாமா? ஒரு சங்கிலியின் இரண்டு முனைகளையும் இரண்டு கைகளில் பிடித்துத் தொங்கவிடுங்கள். அழகாக ஒரு வளைவு கிடைக்கும். அதை அப்படியே தலைகீழாகக் கற்பனை செய்யுங்கள். பலமான ஒரு வளைவு வாசல் தயார்! தொங்கும் சங்கிலியில் இழுவிசை மட்டுமே இருக்கும். தலைகீழானால் அது அழுத்தமாக மாறும். அழுத்தத்தைத் தாங்குவதில் கல் கெட்டிக்காரன்.

கவுடி ஒரு தேவாலயத்தைத் திட்டமிட, மேலிருந்து நூல்களைத் தொங்கவிட்டு, ஈயக்குண்டு நிரப்பிய சின்னச் சின்னப் பைகளைக் கட்டினார். பிறகு அதைப் போட்டோ எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அதுவே கட்டடத்தின் வடிவம்! கம்ப்யூட்டர் இல்லாத காலம் அது. இந்த மாதிரிக்காக அவர் பத்து வருடங்கள் உழைத்தார்.

முடிக்க முடியாத கோவில்

சக்ரடா ஃபமிலியா என்ற பிரமாண்ட தேவாலயத்தின் பணி 1882-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே அந்தப் பொறுப்பு கவுடியிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 31. அதற்குப் பிறகு 43 ஆண்டுகள் அந்த வேலையை அவர் விடவில்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. கடைசி 12 ஆண்டுகளில் வேறு வேலை எதையும் ஏற்கவில்லை. பணம் பற்றாதபோது தானே வீடு வீடாகப் போய் நன்கொடை கேட்டார். அங்கே வேலை செய்த தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்க, 1909-இல் அலை அலையான கூரை கொண்ட ஒரு பள்ளிக்கூடமும் கட்டிக் கொடுத்தார்.

தன் ஆயுளுக்குள் கோவில் முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் ஒரு யோசனை செய்தார். சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டாமல், ஒரு பக்க முகப்பை மட்டும் முதலில் எழுப்பினார். பின்னால் வருபவர்கள் அதைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் அல்லவா? மற்ற பகுதிகளுக்குச் சுண்ணச்சாந்து மாதிரிகள் செய்து வைத்தார். 1925-இல் ஏறக்குறைய 100 மீட்டர் உயர மணிக்கோபுரம் ஒன்று முடிந்தது. திட்டமிட்ட 18 கோபுரங்களில் அவர் முழுதாகப் பார்த்தது அந்த ஒன்றை மட்டும்தான்.

1926 ஜூன் 7. வழக்கம் போல மாலையில் பிரார்த்தனைக்கு நடந்து போன கவுடி மீது டிராம் மோதியது. பழைய உடை. பையில் அடையாளச் சீட்டு எதுவும் இல்லை. பிச்சைக்காரர் என்று நினைத்துவிட்டார்கள். அவரை ஏற்றிக்கொள்ள டாக்சிகள் மறுத்தனவாம். கடைசியில் ஏழைகளுக்கான மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவர் யார் என்பது மறுநாள்தான் தெரிந்தது. ஜூன் 10-ஆம் தேதி உயிர் பிரிந்தது. அடையாளம் தெரியாமல் ஒரு நாள் கிடந்தவரின் இறுதி ஊர்வலத்தில் நகரமே திரண்டது. அவர் கட்டிய கோவிலின் நிலவறையிலேயே அடக்கம் செய்தார்கள்.

சோதனை அதோடு முடியவில்லை. 1936-இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது அவருடைய பட்டறைக்குத் தீ வைத்தார்கள். வரைபடங்கள் எரிந்தன. மாதிரிகள் நொறுங்கின. ஆனால், அவருடைய சீடர்கள் அந்தத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, ஒட்டி, மறுபடியும் வேலையைத் தொடர்ந்தார்கள். உடைந்த துண்டுகளிலிருந்து அழகை உண்டாக்கக் கற்றுக்கொடுத்தவரின் சீடர்கள் ஆயிற்றே!

இன்று அந்தக் கோவிலுக்குள் போனால் ஒரு காட்டுக்குள் நுழைந்தது போல இருக்கும். தூண்கள் மரம் போல மேலே கிளை பிரிந்து கூரையைத் தாங்குகின்றன. வண்ணக் கண்ணாடி வழியே வரும் வெயில் இலைகளுக்கு நடுவே விழுவது போல விழுகிறது. நடுக்கோபுரத்துக்குத் திட்டமிட்ட உயரம் 172.5 மீட்டர். 2025 அக்டோபரில் அது ஜெர்மனியின் உல்ம் தேவாலயத்தைத் தாண்டி, உலகிலேயே உயரமான தேவாலயம் என்ற பெயரைப் பெற்றது.

நடக்க முடியாமல் கழுதை மேல் உட்கார்ந்து மரங்களைப் பார்த்த அந்தச் சிறுவன், தன்னால் முடிக்க முடியாது என்று தெரிந்தும் இவ்வளவு பெரிய வேலையைத் தொடர்ந்தான். அடுத்தவர்கள் தொடர வழியும் செய்துவிட்டுப் போனான். நாளை பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு மரத்தின் அடியில் நின்று, கிளைகள் எப்படிப் பிரிந்து பாரம் தாங்குகின்றன என்று அண்ணாந்து பாருங்கள். கவுடி பார்த்ததை நீங்களும் பார்ப்பீர்கள்!